இருபத்து நான்கு மஞ்சள் ஜாக்கெட்டுகள்

சாலை வேலைக்குப் போடும் ஜாக்கெட் மஞ்சளா ஆரஞ்சா என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் மஞ்சள் என்றுதான் சொல்வார்கள். ஆரஞ்சு போட்டால் அரசாங்க ஆள் என்று நினைத்து, இந்தப் பள்ளத்தை எப்போது மூடப் போகிறீர்கள் என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சண்டைக்கு வருகிறார்களாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். விதிப்படி தைத்ததாக இருந்தால் பகலில் இரண்டுமே நன்றாகத் தெரியும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதனால் கடையிலிருந்து தொடங்குகிறேன். இடையில் நிறுத்திக் கேட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். கடைசியில் கேளுங்கள், சொல்கிறேன்.

கடை என் சித்தப்பாவுடையது. முன்னறையில் ஒரு கண்ணாடி மேசை, இரண்டு நாற்காலி. பின்னறையில் எழுத்துகளைச் சூட்டால் ஒட்டும் அழுத்த இயந்திரங்கள் இரண்டு, எழுத்து வெட்டும் இயந்திரம் ஒன்று, கூரை வரை அடுக்கிய ஜாக்கெட் கட்டுகள். பெரிய கம்பெனி ஆட்கள் எங்களிடம் வரமாட்டார்கள். அவர்களுக்குக் கம்பெனியே மொத்தமாக வாங்கிக் கொடுத்துவிடும். எங்களிடம் வருகிறவர்கள் தனியாகத் தொழில் செய்கிறவர்கள். மரக்கிளை வெட்டுகிறவர், உயரமான கட்டடங்களில் கண்ணாடி மாட்டுகிறவர், கேபிள் இழுக்கிறவர், குழாய் அடைப்பு எடுக்கிறவர். தாங்களே முதலாளி, தாங்களே கூலியாள். ஒன்றோ இரண்டோ வாங்குவார்கள். முதுகில் பேரும் தொழிலும் போன் நம்பரும் அச்சடித்துத் தரவேண்டும்.

ஜாக்கெட் இல்லாவிட்டால் கட்டட வேலை நடக்கும் இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் வாங்குகிறார்கள். வாசலில் நிற்கும் காவலாளிக்குக் காட்ட ஒரு மஞ்சள் துணி, அவ்வளவுதான். உள்ளே தைத்திருக்கும் தரச் சீட்டை இதுவரை ஒருவர்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

நான் பார்ப்பேன். இயற்பியல் படித்தவள் நான். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருந்தபோது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்காதே என்று சித்தப்பா கூப்பிட்டார். வந்த முதல் வாரமே விதிகளை முழுதாகப் படித்துவிட்டேன். இடுப்பைச் சுற்றி வெள்ளிப் பட்டை முழு வட்டமாக வரவேண்டும். தோள் வழியாகவும் இரண்டு பட்டைகள். பட்டை குறைந்தது மூன்று விரல் அகலம். எழுத்து பட்டையின் மேல் ஏறக் கூடாது. எழுத்து மிகப் பெரிதாகி மஞ்சளையும் தின்றுவிடக் கூடாது. இத்தனை முறை துவைத்தால் மாற்ற வேண்டும் என்று சீட்டில் போட்டிருக்கும். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்கள்.

வாயால் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பேச்சு வராது. தெரியாத ஆளைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் விடை தெரிந்தும் எழுந்து நின்று கையைப் பிசைந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். "இவ பேசறதுக்குக் காசு கேப்பா" என்பாள் சித்தி. கடைக்கு வருகிறவர்கள் சித்தப்பாவிடம் பேசுவார்கள். நான் பின்னறைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

டயர்க்காரர் வந்தது அப்படி ஒரு நாளில்தான். சாலையில் பஞ்சராகி நிற்கும் லாரிகளுக்குப் போய் டயர் மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். சின்ன வேன், இரண்டு ஜாக்கி, காற்றடிக்கும் இயந்திரம். பெரிய குரல். உள்ளே நுழைந்தாலே கடை நிறைந்துவிடும்.

"அண்ணே, பேரும் நம்பரும் முதுகு முழுக்க இருக்கணும். லாரிக்காரன் சைடு கண்ணாடியில பாத்தாலே நம்பர் மனப்பாடம் ஆகணும்."

"கண்ணாடியில பாத்தா எழுத்து வலது இடதாத் தெரியும்ப்பா" என்றார் சித்தப்பா.

"அப்ப வலது இடதாவே அடிச்சுக் குடுங்க. நேர்ல பாக்கறவன் தலைகீழா நின்னு பாத்துக்கட்டும்."

கண்ணாடி மாட்டுகிறவரும் அப்போது இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா எழுத்தின் அளவைக் குறித்துக்கொண்டார். அந்த அளவுக்குப் போட்டால் முதுகில் இருக்கும் பட்டை முழுதும் எழுத்துக்கு அடியில் போய்விடும்.

"பட்டை மேல எழுத்து வரக் கூடாது" என்றேன்.

நான்தான் சொன்னேன் என்பது எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"யாரு? துணிக்கடை பொம்மைன்னுல்ல நெனச்சேன்" என்றார் டயர்க்காரர். "ஏன் வரக் கூடாது?"

சொன்னேன். பட்டைக்குள் கண்ணாடி மணிகள் இருக்கின்றன, மாவைவிடப் பொடியானவை. ஒவ்வொரு மணியும் தன்மேல் விழும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். வண்டி விளக்கிலிருந்து வந்தது வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கே போகும். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் டார்ச்சை இடுப்பில் பிடித்துச் சோதித்தால் பட்டை மங்கலாகத் தெரியும். கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்தால் நெருப்பாக எரியும். என் வாழ்க்கையில் வெளியாட்களிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். அதை நான் மறுக்கவில்லை.

கேட்டு முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எல்லாம் சரி டீச்சரம்மா. இந்தப் பட்டையால எத்தன பேரு பொழச்சிருக்கான்? ஒரு நம்பர் சொல்லு. நீ சொல்றபடியே போட்டுக்கறேன்."

என்னிடம் நம்பர் இல்லை.

"சொல்லு சொல்லு. பத்தா? நூறா?"

நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தேன்.

"நம்பர் தெரியாமலே பாஸ் போட்டுட்டாங்களா உனக்கு?" என்றார். சித்தப்பா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி மாட்டுகிறவருக்குப் புரையேறியது. பிறகு டயர்க்காரரே, "சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத. எழுத்தைச் சின்னதாவே போடு, போ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் டீச்சரம்மா ஆனேன்.

எனக்குக் கோபம் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எண் இல்லாமல் ஒன்றை நம்பச் சொல்வது அறிவியல் இல்லை, அது வேண்டுதல். இரண்டு மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போதும் தலை வாரும்போதும், பத்தா நூறா, பத்தா நூறா என்று.

எண் வேண்டுமென்றால் ஒப்பிட வேண்டும். பட்டை உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். தாங்கள் எந்தப் பக்கம் என்பது அவர்களுக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் அதற்குத் தக்கபடி நடந்துகொள்வார்கள், முடிவு கெட்டுவிடும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. மருந்துகளை இப்படித்தான் சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான் கொடுப்பார்கள். அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டுக் கொடுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்குப் பேச்சு வராது என்று முன்பே சொன்னேன்.

பட்டையைச் சாகடிப்பது எப்படி என்பது தற்செயலாகத் தெரிந்திருந்தது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஜாக்கெட்டை, பட்டையின் மேல் காப்புத் தாள் போடாமல், சூடு அதிகமாக வைத்து அழுத்திவிட்டேன். பின்னால் உள்ள பசை இளகி மணிகளை மூழ்கடித்துவிட்டது. பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதே வெள்ளி, அதே மினுமினுப்பு. நெற்றிப்பொட்டில் டார்ச்சை வைத்துப் பார்த்தால் இருட்டு. "பகல்ல பளபளன்னுதானே இருக்கு, குடுத்துடு" என்றார் சித்தப்பா. நான் கேட்கவில்லை. கத்தரிக்கோலால் நான்காக வெட்டிக் குப்பையில் போட்டேன். அதற்கு அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னைப் பற்றி நீங்கள் எழுதும்போது இதையும் எழுதுங்கள்.

அந்த மாதம் கையில் இருபத்து நான்கு ஆர்டர்கள் இருந்தன. எல்லாம் மஞ்சள், எல்லாம் ஒரே கட்டிலிருந்து எடுத்தவை, எல்லாம் சாலையோரம் வேலை செய்கிறவர்கள். யாருக்கு எது என்பதை நான் தீர்மானிக்கவில்லை. அப்படிச் செய்தால் பிடித்தவர் பிடிக்காதவர் என்று மனம் சாய்ந்துவிடும். ஒவ்வொரு பேருக்கும் ஒரு நாணயம் சுண்டினேன். தலை விழுந்தால் உயிருள்ள பட்டை. பூ விழுந்தால் அந்த ஜாக்கெட்டின் பட்டைகளைக் காப்புத் தாள் இல்லாமல் அழுத்துவேன். பதின்மூன்று தலை, பதினொன்று பூ. அழுத்துவதற்கு ஒரு முழு மதியம் ஆனது. அன்று சித்தப்பா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. அவரை வெளியே உட்கார வைத்திருக்கிறீர்களே, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

அந்தப் பதினொரு பேருக்கும் நான் கெடுதல் எதுவும் செய்யவில்லை என்றே அப்போது நினைத்தேன். அதற்கு முன் அவர்கள் சாயம் போன, பட்டை உரிந்த பழசைத்தான் போட்டிருந்தார்கள். அவர்களை இருந்த நிலையிலேயே விட்டேன். மற்றப் பதின்மூன்று பேருக்கு நல்லது செய்தேன்.

ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் போன் செய்தேன். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் எனக்கு நாக்கு ஒட்டுவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஜாக்கெட் எப்படி இருக்கிறது, எத்தனை முறை துவைத்தீர்கள், பொழுது சாய்ந்த பிறகு எத்தனை நாள் வேலை, ஏதாவது வண்டி ரொம்பக் கிட்டத்தில் வந்ததா. ஜாக்கெட் விற்ற கடையிலிருந்து நலம் விசாரிக்கிறார்களே என்று அவர்களுக்கு ஆச்சரியம். மரம் வெட்டுகிறவரின் மனைவி தன் தம்பிக்கு என்னைப் பெண் கேட்கலாமா என்று சித்தியிடம் விசாரித்தார். "இப்பத்தான் இவளுக்கு வாயே திறந்திருக்கு" என்று சித்தப்பா பூரித்துப்போனார். நான்கு மாதம் முடிந்தபோது, வண்டி உரசுவதுபோல் வந்தது என்று சொன்னவர்கள் உயிருள்ள பட்டையில் இரண்டு பேர், செத்த பட்டையில் ஏழு பேர்.

அந்த ஏழு பேரில் கண்ணாடி மாட்டுகிறவரும் ஒருவர். ஒரு கார் அவருடைய ஏணியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் அப்போதுதான் கீழே இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம். "தண்ணி தாகம் காப்பாத்துச்சு டீச்சரம்மா" என்று சிரித்தார். நான் நோட்டில், ஏணி மட்டும் என்று எழுதினேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று உங்களுடன் வந்தவர் கேட்டார். ஏழு, இரண்டு என்பது போதாது. இவ்வளவு சின்னக் கூட்டத்தில் அது தற்செயலாகவும் வரலாம். யாராவது கேட்டால் மறுபடியும் வாயடைத்து நிற்க வேண்டியிருக்கும்.

டயர்க்காரருக்கும் போன் செய்வேன். அவர்தான் அதிகம் பேசுவார். கடைசியாகப் பேசியது ஐந்தாம் மாதம்.

"ஒண்ணும் ஆகல டீச்சரம்மா. நீ குடுத்த ஜாக்கெட்டு சூப்பரு. முன்னாடியெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டாலே வேலைய விட்டுட்டு ஓரமா ஓடுவேன். இப்ப திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. எரியுதுல்ல முதுகுல, அவன் பாத்துக்குவான். நீ அன்னிக்குச் சொன்னத நான் எல்லாப் பசங்ககிட்டயும் சொல்றேன், மணி மணியா இருக்கும்டான்னு."

நான் நோட்டில் அன்றைய தேதியை எழுதினேன்.

"என்ன, நம்பர் கெடச்சிருச்சா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணே" என்றேன்.

"கெடச்சா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வண்டி வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாய் வந்தது. ஆனால் ஒருவரிடம் மட்டும் சொன்னால் அவருடைய நிலை மற்றவர்களிலிருந்து மாறிவிடும். நோட்டில், நம்பிக்கை கூடியிருக்கிறது என்று எழுதினேன். இருந்த நிலையிலேயே விட்டேன் என்று சற்று முன் சொன்னேன். இவர் விஷயத்தில் அது முழுக்கச் சரியில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அது நடந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான். பொழுது சாயும் நேரம், தூறல், சாலையோரம் ஒரு தண்ணீர் லாரி. அவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நட்டு கழற்றிக்கொண்டிருந்தார். பின்னால் வந்து இடித்த வேன்காரர் எதுவுமே தெரியவில்லை என்றார். குடித்திருப்பார், போன் பார்த்திருப்பார் என்று எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். அவர் இன்னும் உள்ளே இருப்பதாகக் கேள்வி. அவர் சொன்னது உண்மை. அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

டயர்க்காரர் இறந்த செய்தி வந்த அன்று சித்தப்பா கடையை மூடினார். நானும் அழுதேன். அழுதது நடிப்பு இல்லை.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தார். கூடவே டயர்க்காரரின் தம்பி. வேனை இனி அவர்தான் ஓட்டப் போகிறார்.

"கொழுந்தனாருக்கு ஒண்ணு வேணும்மா" என்றார் அந்த அக்கா. "அவரு பேரையே போட்டுக் குடு. நம்பரும் அதே நம்பருதான். போன் இப்ப என்கிட்டதான் இருக்கு."

அது ஆராய்ச்சியில் சேராத ஜாக்கெட். அதனால் நாணயம் சுண்டவில்லை. இருப்பதிலேயே நல்லதாக எடுத்து, காப்புத் தாளை இரண்டாக மடித்துப் போட்டு, நானே அச்சடித்தேன். அதற்குப் பிறகு செய்ததை எதற்காகச் செய்தேன் என்று தெரியவில்லை. அவர்களைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, விளக்கை அணைத்து, ஜாக்கெட்டைத் தொங்கவிட்டு, டார்ச்சை அந்த அக்காவின் நெற்றிப்பொட்டில் ஒட்டிப் பிடித்துக் காட்டினேன். பட்டை எரிந்தது.

அவர் நெடுநேரம் பார்த்தார். டார்ச்சைத் தானே வாங்கி இறக்கினார், மறுபடி நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"அவரோடது இப்படி இல்லையேம்மா" என்றார். "நானும் கூடப் போற நாள்ல வேனை நான்தான் பின்னால எடுத்து நிறுத்துவேன். லைட்டு அவரு முதுகு மேலதான் விழும். ஒரு நாள்கூட இப்படி எரிஞ்சதில்லையே."

நான் விளக்கைப் போட்டேன்.

"ரெண்டும் ஒரே ஜாக்கெட்டுதானே?" என்று கேட்டார்.

தாள் இல்லாததால் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார். நேராக ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்க வேண்டும், மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் செத்த பட்டை போட்டிருக்கும் மீதிப் பத்துப் பேரின் முகவரி இருக்கிறது. அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஆறு மாதம் முடிய இரண்டு நாள் பாக்கி இருந்தது. ஆளனுப்பி ஜாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கிவிடுவதாக இருந்தால் பொழுது சாய்வதற்குள் அனுப்புங்கள். கேபிள் இழுக்கிறவர் இந்த வாரம் மேம்பாலத்துக்கு அடியில் வேலை செய்கிறார்.

இனி நீங்கள் கேட்க நினைத்ததற்கு வருகிறேன். நோட்டில் பதினோராவது வரியில் மட்டும் ஏன் அடித்தல் திருத்தல் இருக்கிறது என்று காலையிலிருந்தே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அது டயர்க்காரரின் வரிதான். என்னிடம் விருப்பு வெறுப்பு இல்லை என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. அடித்ததைக்கூட நான் கிழித்துப் போடவில்லை, படிக்கும்படிதான் விட்டிருக்கிறேன். அவருக்குச் சுண்டியபோது முதலில் தலை விழுந்தது. ஆனால் நாணயம் மேசை விளிம்பில் பட்டுத்தான் விழுந்தது. அப்படி விழுந்ததைச் சேர்க்கக் கூடாது. இரண்டாம் முறையும் தலைதான், அது சரியாகச் சுழலவில்லை. மூன்றாம் முறைதான் ஒழுங்காக விழுந்தது.